பிள்ளைகளே தெரிந்தெடுத்துப் படிக்க ஒரு வகுப்பு

"உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துப் படிங்க மக்களே" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வகுப்பு சந்தையாகிவிடும். தெரிந்தெடுப்பதும், திட்டமிடுவதும், செய்தது சரிதானா என்று திரும்பிப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குத் தானாக வருவதில்லை. வாய்ப்பாடு மாதிரி இவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்ற வேலை கிடைக்கிறது. அதற்கு முன் செயல்வழிக் கற்றலில் பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணியும், ஒவ்வொரு படிக்குமான வேலை அட்டையும் இருந்தன. அடுத்து எந்தப் படி என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே பக்கம், ஒரே வேகம். கீழே சொல்வது ஆறு முதல் எட்டு வரை, 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 45 நிமிடப் பாடவேளைக்கானது. வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். முதல் மாதத்தில் அதற்கு மேல் வேண்டாம்.

தெரிவுப் பலகை

பிள்ளைகள் தெரிந்தெடுக்க நான்கு வேலைகளை எழுதித் தொங்கவிடும் சார்ட்தான் தெரிவுப் பலகை. முதலில் பாடத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். எடுத்துக்காட்டாக: "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் எங்கே வீணாகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்." பலகையில் வரும் எல்லா வேலையும் இந்த வாக்கியத்தில்தான் வந்து முடிய வேண்டும். ஒரு வேலை படம் வரைந்து வண்ணம் தீட்டுவதோடு நின்றுவிட்டால் பாதி வகுப்பு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலையை அமைத்த விதம்தான் பிழை.

இந்த நோக்கத்துக்கு நான்கு வேலைகள் இப்படி இருக்கலாம்.

முதலாவது, வழிப்படம். கன்னியாகுமரி மாவட்டப் பள்ளி என்றால், பேச்சிப்பாறை அணையில் தொடங்கி வயல்வரை தண்ணீர் போகும் பாதையை ஆறு கட்டங்களாக வரைய வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பள்ளி என்றால் பட்டணங்கால் கால்வாயும் அதன் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலமும் வரும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் என்றால் தோவாளைச் சானல் (கால்வாய்) அல்லது அனந்தனார் சானல். தண்ணீர் குறையும் இரண்டு இடங்களைக் குறித்து, ஏன் என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. ஒழுகும் குழாய்க்கடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. ஐந்து நிமிடம் என்றால் மணிக்கு 2.4 லிட்டர், நாளொன்றுக்கு 57.6 லிட்டர். பள்ளிக் குழாய் ஒழுகாவிட்டால் நல்லதுதான். லேசாகத் திறந்து சொட்ட விட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

மூன்றாவது, கேள்வித்தாள். வயல் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்க எட்டுக் கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வரும் என்ற ஊகமும். ஊகம் எழுதாமல் வெறும் கேள்வி மட்டும் எழுதினால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அரட்டை தொடங்கும்.

நான்காவது, வழக்கு. ஊர்க் குளத்தில் ஒரு பகுதியைத் தூர்த்து பஸ் நிறுத்தம் கட்டலாமா? இரண்டு பக்கத்துக்கும் மும்மூன்று காரணங்கள்.

ஒரு சார்ட் தாளில் நான்கு கட்டம் போட்டு எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் செலோடேப் சுவரில் நிற்காது, சார்ட்டும் சுருண்டுவிடும். இரண்டு ஆணிக்கு நடுவே சணல் கட்டி, துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிடுவதுதான் நிலைக்கும். அதே மாதிரிக் கிளிப் 40 எடுத்துப் பிள்ளைகளின் வரிசை எண் எழுதி, தெரிந்தெடுத்த வேலையில் மாட்டச் சொன்னால் எந்தப் பிள்ளை எந்த வேலையில் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

ஒரு வேலைக்கு 12 இடம். நாலு பன்னிரண்டு 48, ஆக எட்டு இடம் கூடுதல். இது வேண்டுமென்றே வைப்பது. சரியாக 40 இடம் வைத்தால் கடைசியில் வருகிற பிள்ளைக்குத் தெரிவே இருக்காது. மிஞ்சியதை எடுத்துக்கொள்வதுதான் அதன் கதி. யார் முதலில் தெரிந்தெடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இந்த வாரம் கடைசியில் வந்தவர்கள் அடுத்த வாரம் முதலில்.

இதில் வழக்கமாக வரும் சிக்கல், பிள்ளைகள் வேலையைப் பார்க்காமல் கூட்டாளியைப் பார்த்துக் கிளிப் போடுவது. அதனால் எழுந்து வரும் முன்பே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், ஏன் என்று ஒரு வரி, இவற்றைத் துண்டுத் தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். எழுதியதைப் பலகைக்கு முன்னால் வந்து மாற்றக் கூடாது. முதல் இரண்டு வாரம் "ஏன்" என்ற இடத்தில் "பிடிக்கும்" என்றுதான் வரும். விட்டுவிடுங்கள். மூன்றாம் வாரம், "போன தடவை எது கஷ்டமா இருந்தது?" என்று கேட்டுவிட்டு எழுதச் சொன்னால் காரணம் மாறத் தொடங்கும்.

திட்டச் சீட்டு

ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் நான்கு சீட்டு. பத்துத் தாளில் ஒரு வகுப்பு முடிந்துவிடும். சீட்டில் மூன்றே வரி: நான் செய்யப்போவது, எங்கே மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கிறேன், பாதி நேரத்தில் எவ்வளவு முடித்திருப்பேன்.

நேரப் பங்கீடு இப்படி: தெரிந்தெடுக்க 5 நிமிடம், சீட்டு எழுத 3, வேலை 12, நிறுத்தம் 2, மறுபடி வேலை 15, திரும்பிப் பார்க்க 8. நிறுத்தத்தில் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்து, சீட்டில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே உண்மையில் எவ்வளவு முடிந்தது என்று எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேர் நினைத்ததில் பாதிதான் முடித்திருப்பார்கள். அதற்காகத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த வாரம் "இரண்டு கட்டம் முடிப்பேன்" என்று குறைத்து எழுதித் தப்பித்துக்கொள்வார்கள், சீட்டு பொய்யாகிவிடும். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதற்குத்தான் இந்தச் சீட்டே. மதிப்பெண் போடவே வேண்டாம்.

சீட்டில் எழுத்துப்பிழையும் திருத்த வேண்டாம். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் கலந்து பேசும் பிள்ளைகள் நிறைய. கடற்கரைப் பிள்ளைகளின் பேச்சு வேறு மாதிரி. திட்டம் பேச்சுத் தமிழில் இருந்தால்தான் அது பிள்ளையின் திட்டம். இலக்கணத் தமிழை வேலைத்தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி எட்டு நிமிடத்தை யார் என்ன கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். "இன்னும் ரெண்டு நிமிசம் சார்" என்று கெஞ்சுவார்கள். முடியாத வேலை முடியாமலே இருக்கட்டும். வேறு வேலை செய்த ஒருவரோடு சோடி சேர்ந்து, நோக்க வாக்கியத்துக்குத் தன் வேலையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். அதன்பின் சீட்டின் பின்பக்கம் ஒரு வரி: அடுத்த தடவை எதை மாற்றுவேன். அடுத்த வாரம் புதுச் சீட்டு கொடுக்கும்போது இந்தப் பழைய சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். பலரும் மறந்துவிடுவது இதைத்தான்; சீட்டுகள் கட்டாகப் பீரோவுக்குள் போனால் எழுதியது வீண்.

உதவி கேட்கும் முறை

40 பேரும் "டீச்சர், டீச்சர்" என்றால் ஒன்றும் நடக்காது. சோடிக்கு ஒரு முக்கோண அட்டை மடித்துக் கொடுங்கள்: ஒரு பக்கம் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பச்சை என்றால் ஓடுகிறது. மஞ்சள் என்றால் சந்தேகம் இருக்கிறது, ஆனால் வேலை நிற்கவில்லை. சிவப்பு என்றால் நின்றுவிட்டது. மஞ்சளைத் திருப்பும் முன் சந்தேகத்தைக் கேள்வியாக எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெட்கப்பட்டு எல்லாரும் பச்சையையே காட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஆசிரியர் முதலில் போக வேண்டியது பச்சைக்காரர்களிடம்: "சரியா போகுதுன்னு எப்படித் தெரியும் மக்களே?" பதில் சொல்லத் தெரியாதவர்கள் அடுத்த முறை தாமே மஞ்சளுக்கு மாறிவிடுவார்கள். கூரை தகரமாக இருந்து மழை பெய்தால் சோடிப் பேச்சு காதில் விழாது. அன்றைக்குத் தனி வேலைகளை மட்டும் பலகையில் போடுங்கள்.

இரண்டு வார ஒப்பந்தம்

ஏழெட்டு வாரம் பழகிய பிறகு இதற்குப் போகலாம். கட்டாய வேலை மூன்று, விருப்ப வேலை நான்கில் இரண்டு, எந்த நாளில் எது என்று பிள்ளையே எழுதிக் கையெழுத்துப் போடும், ஆசிரியரும் போடுவார். நான்காம் நாள் ஒரு முறையும் ஏழாம் நாள் ஒரு முறையும் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் ஐந்து வேலையும் கடைசி இரவுக்குப் போய்விடும், அம்மாதான் எழுதுவார்.

நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்குங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக வரும் டிசம்பர் 3 விடுமுறை, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கோயில் கொடை விழா, இவை நடுவில் வந்தால் ஒப்பந்தம் அறுந்துபோகும். "வீட்டில் கேட்டு வா" என்ற வேலையை விருப்பப் பட்டியலில் மட்டும் வையுங்கள். ரப்பர் வெட்டப் போகிற அப்பா விடியுமுன்னே கிளம்பியிருப்பார். மீன்பிடிக்கப் போனவர் இரவெல்லாம் கடலில் இருப்பார். பக்கத்து வீட்டுப் பெரியவரையோ சத்துணவு சமைக்கும் அக்காவையோ கேட்டாலும் சரி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தேர்வுத்தாள் திருப்பும் நாள்

தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரும் தனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று நோட்டில் எழுதட்டும். கொடுத்த பிறகு, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: "தெ" என்றால் தெரியவில்லை, "க" என்றால் தெரிந்தும் கவனம் தப்பியது, "கே" என்றால் கேள்வியே புரியவில்லை. எல்லாரும் "க" என்றுதான் போடுவார்கள். அதுதான் கௌரவமாக இருக்கும். அதனால் "க" போட்ட விடையைப் புத்தகம் திறக்காமல் அங்கேயே திருத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அது "தெ". "தெ" நிறைய வந்த பாடம் எதுவோ அதை அடுத்த வாரத் தெரிவுப் பலகையில் போடுங்கள். "கே" நிறைய வந்தால், அடுத்த தேர்வுக்கு முன்பு கேள்விகளைப் பிள்ளைகள் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லும் பயிற்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதோடு அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவரும் ஒரு தடவை படித்துப் பார்த்தால் நல்லது.