தேரூர் குளத்தில் பறவை எண்ணுவது எப்படி

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987 முதல் பல நாடுகள் சேர்ந்து ஒரே மாதத்தில் எண்ணுகிறோம். வலசைப் பறவைக்கு எல்லைக்கோடு கிடையாது. நம் கணக்கை மட்டும் வைத்து அது குறைகிறதா என்று சொல்லவே முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பிறகு பொறுப்பு இன்னும் கூடிவிட்டது.

காலை ஆறரைக்கே கரைக்கு வந்துவிடுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஒன்றிரண்டாக நிற்கும் கூழைக்கடாக்களை நேராக எண்ணிவிடலாம். கூட்டம்தான் கஷ்டம். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே அளவை இடமிருந்து வலமாக ஒட்டி ஒட்டி வையுங்கள்: பத்து, இருபது, முப்பது. தாமரை இலைக்குள் புகுந்த நாமக்கோழிகளுக்காகக் கொஞ்சம் பொறுத்திருங்கள், வெளியே வரும்.

முதல் வருடம் ஒரு நத்தைகுத்தி நாரைக் கூட்டம் எழுந்து மறுகரையில் இறங்கியதைக் கவனிக்காமல் இரண்டு முறை எண்ணிவிட்டேன். பட்டியல் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. எனவே ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, இன்னொருவர் பறப்பதைப் பார்க்கட்டும்.

கரையோரம் இரை தேடும் உள்ளான்களில் இனம் சரியாகத் தெரியவில்லையா? ‘உள்ளான் வகை’ என்றே எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். பறவையே இல்லாத குளத்துக்கும் பூஜ்யம் போட்டு அனுப்புங்கள். அந்தப் பூஜ்யமும் தகவல்தான். பட்டியலை அன்று மாலையே பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் (eBird) ஏற்றிவிடுங்கள்.