கடலோர வீட்டில் கேமிங் லேப்டாப்: கேம் திணறினால் எங்கிருந்து பார்ப்பது?

கேம் திணறுகிறது என்று சொன்னதும் "ஃபார்மட் போட்டுடு" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களின் லேப்டாப்பில் விண்டோஸைவிட வெப்பமும் உப்புத் தூசியும்தான் அதிகம் வேலை காட்டுகின்றன. எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

அளப்பது எப்படி?

விண்டோஸ் பட்டனையும் ஜி பட்டனையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பெட்டியைத் திரையில் பின் செய்துகொண்டால், விளையாடும்போதே எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு தெரியும். முதல் முறை அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டு ஒரு ரீஸ்டார்ட் போடுங்கள். வெப்பம் பார்க்க ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதைச் சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து ஓடவிட்டு, கேமில் ஒரே இடத்தில் 20 நிமிடம் விளையாடுங்கள். என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எஃப்.பி.எஸ். சரிந்தால் அது வெப்பம். ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருந்தால் சார்ஜரையும், எந்த ஜி.பி.யூ.வில் (படம் வரையும் கிராஃபிக்ஸ் சிப்) கேம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். ஓட்டம் நன்றாக இருந்து அவ்வப்போது மட்டும் வெட்டி நின்றால் ரேம் அல்லது டிஸ்க். எஃப்.பி.எஸ். அசையாமல் இருக்க, நம் ஆள் மட்டும் பின்னால் இழுபட்டால் அது நெட் பிரச்சினை. லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

சார்ஜர்

பேட்டரியில் ஓடும்போது கேமிங் லேப்டாப் தன் முழுச் சக்தியைத் தராது. அதனால் சார்ஜர் மாட்டித்தான் சோதிக்க வேண்டும், அதுவும் லேப்டாப்போடு வந்த சார்ஜரை. 180 வாட், 230 வாட் கேட்கும் மெஷினில் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறுவதுபோல் தெரியும், கேம் மட்டும் நொண்டும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மாமாவோ மச்சானோ வாங்கி வந்த லேப்டாப் நிறைய. அதன் தடித்த சதுரப் பின், நம் பிளக் பாயிண்டில் ஏறாது. கன்வெர்ட்டர் போட்டு மாட்டுவோம். கன்வெர்ட்டர் லூஸாக இருந்தால் கரண்ட் விட்டுவிட்டு வரும், ஒவ்வொரு முறையும் எஃப்.பி.எஸ். தரைக்கு வரும். கீழக்கரையில் என் சித்தி மகன் புது ரேம் வாங்கக் கிளம்பிவிட்டான். விளையாடும்போது டாஸ்க் பாரில் பேட்டரி படத்தையே பார்க்கச் சொன்னேன். அந்த பிளக் அடையாளம் வந்து வந்து போனது. நல்ல பித்தளைப் பின் உள்ள கன்வெர்ட்டர் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

சரியான ஜி.பி.யூ.வில் ஓடுகிறதா?

கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு ஜி.பி.யூ. இருக்கும். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது உழைக்கிறது என்று பாருங்கள். பிராசசரோடு சேர்ந்து வரும் சின்னது உழைத்தால், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். கம்பெனி கொடுத்த மென்பொருளிலும் மோடை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள்: ஆசுஸில் ஆர்மரி கிரேட், ஏசரில் நைட்ரோசென்ஸ், லெனோவாவின் லீஜனில் எஃப்.என். பட்டனும் க்யூவும்.

வெப்பம்

லேப்டாப்பின் மூளையான சி.பி.யூ. 95 முதல் 100 டிகிரி வரை போனால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோவில் தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் யெஸ் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். அறை 35 டிகிரியில் இருக்கும் நம் சித்திரை வைகாசியில், 25 டிகிரி ஏ.சி. அறையில் எடுத்த யூடியூப் ரிவ்யூவின் எண்ணை எதிர்பார்க்க முடியாது. அறை எவ்வளவு ஏறுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு உள்ளேயும் ஏறும்.

காசில்லாத வழிகளை முதலில் பாருங்கள். மெத்தையிலும் பாயிலும் வைக்காமல் மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்குங்கள். கேமில் எஃப்.பி.எஸ்.ஸை 60-க்குக் கட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அதற்கு மேல் ஓடுவதில் பெரிய லாபமில்லை, சூடுதான் கூடும்.

அப்புறம் காற்று வெளியேறும் துளையருகே கையை வையுங்கள். ஃபேன் இரைகிறது, ஆனால் காற்று மெல்ல வருகிறது என்றால் உள்ளே அடைப்பு. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் சேரும் தூசி ஊதினால் பறக்கும். நம் தூசி பறக்காது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூசியில் உள்ள உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கசியும். கச்சான் காற்றில் வரும் பொடி மணலும் நூலும் முடியும் அதில் ஒட்டி, ஃபேனுக்கும் செப்புத் தகட்டு வரிசைக்கும் நடுவே கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது நகராது. மூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

வாரண்டி இருந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இல்லையென்றால், ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, உங்கள் மாடலைப் பிரிக்கும் வீடியோவை முழுதாக ஒருமுறை பாருங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வையுங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி வயரைக் கழற்றுவது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள், அந்தத் தூசித் துண்டை ட்வீசரால் முழுசாக உரித்தெடுங்கள். பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். செம்பில் பச்சை பூத்திருந்தாலோ ஃபேன் கரகரத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.

சுத்தம் செய்தும் வெப்பம் இறங்கவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைச் செப்புத் தகட்டுக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கும். அதைப் பழகியவர் கையில் விடுவது நல்லது.

மீதி

டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் குரோமை மூடுங்கள். ஒற்றை 8 ஜி.பி. ரேம் மட்டும் இருந்தால், அதே வகையில் இன்னொன்று போட்டு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இரட்டைச் சேனல் ஆக்குவது நல்ல செலவு. கேம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். கிராஃபிக்ஸில் முதலில் ஷேடோவைக் குறையுங்கள், டி.எல்.எஸ்.எஸ். அல்லது எஃப்.எஸ்.ஆர். (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருந்தால் போடுங்கள். ஜி.பி.யூ.வை இயக்கும் டிரைவர் மென்பொருளை என்விடியா, ஏ.எம்.டி. தளத்திலிருந்தே எடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இடத்தில் 20 நிமிடம் விளையாடி எழுதுங்கள். கடைக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் கொண்டு போங்கள், "ஸ்லோவா இருக்கு" என்பதைவிட "12-வது நிமிடத்தில் 98 டிகிரி, எஃப்.பி.எஸ். 85-லிருந்து 40" என்று சொன்னால் பார்ப்பவர் நேராக ஃபேனைத்தான் திறப்பார்.