எடை இறங்குகிறது, சரி. மற்றதெல்லாம்? ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குவது) செய்துகொண்டு எனக்குச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது புதிதாக எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்துகளை, ஏறக்குறைய அதே வரிசையில், இவர்களும் செய்கிறார்கள். நன்றாக மென்று சாப்பிடுங்கள், இனிப்பைக் குறையுங்கள், நடங்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் காகிதத்திலேயே இருக்கும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. காகிதத்தில் ஒரு வரியாக இருப்பதாலேயே யாரும் கண்டுகொள்ளாமல் போகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஸ்லீவா, பைபாஸா (இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கி நேராகக் குடலோடு இணைப்பது) என்பதைப் பொறுத்து விவரங்கள் மாறும்; உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாவது வாரத்துப் பீதி

முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்கிய எடை, மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அப்படியே நின்றுவிடும். "ஆபரேஷன் ஃபெயில் ஆகிவிட்டது" என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

முதலில் இறங்கியதில் பெரும்பங்கு நீர். கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் அது கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. பிறகு கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்ததும் உடல் அதில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் மெஷினில் முள் நகராது.

எடை நிற்பது தவறே இல்லை. அதைப் பார்த்துப் பயந்து, இருக்கிற கொஞ்சச் சாப்பாட்டையும் பாதியாக்கிக்கொள்வதுதான் தவறு. அப்படிக் குறைப்பவர்கள் முதலில் வெட்டுவது புரதத்தை; பின்னாலேயே தசையும் கரையும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள், போதும்.

சாப்பாட்டோடு தண்ணீர்

வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். மற்ற நேரமெல்லாம் மிடறு மிடறாக, நாளுக்கு ஒன்றரை லிட்டராவது.

வாந்தியைச் சகஜம் என்று விட்டுவிடுவது

இதை எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இது தெரியாமல் நடப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து நடக்க விடுகிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அவசரமாகச் சாப்பிட்டாலோ, பெரிய துண்டாக விழுங்கினாலோ நெஞ்சுக்குள் அடைத்துக்கொள்ளும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். கொஞ்ச நேரத்தில் உள்ளே போனது வெளியே வந்துவிடும், உடனே நிம்மதியாகும், அடுத்த வேளை ஒழுங்காக இறங்கும். இது எப்போதாவது எல்லோருக்கும் நடக்கிறது. சாப்பிடும் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

நான் சொல்வது வேறு. தினமும் வாந்தி. முதலில் திட உணவு நிற்காது, அப்புறம் கூழ் நிற்காது, கடைசியில் தண்ணீரும் நிற்காது. இந்த வரிசையில் மோசமானால் உள்ளே எங்கோ பாதை குறுகியிருக்கலாம். பைபாஸில் சிறு பையும் குடலும் சேரும் தையல் இடம் தழும்பாகிச் சுருங்குவதுண்டு. ஸ்லீவில் குழாய் நடுவில் குறுகவோ முறுக்கிக்கொள்ளவோ செய்யும். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் தெரிந்துவிடும். பலூன் விட்டு விரிக்கவும் முடியும். பல சமயம் இவ்வளவுதான் விஷயம். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே.

என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அப்போது இரண்டாவது மாதம். குரலில் அவ்வளவு சந்தோஷம். கூட ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரையும்விட அவளுக்கு வேகமாக எடை இறங்கிக்கொண்டிருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "எதுவும் நிக்கலக்கா. ஆனா பரவாயில்ல, பசியே இல்லையே" என்றாள். விட்டமின்? "அதுவும் வெளிய வந்துடுது, அதான் நிறுத்திட்டேன்." எத்தனை நாளாக என்றால் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். அடுத்த செக்கப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அப்போது சொல்லிக்கொள்கிறேன் என்றாள். "குறையுதேக்கா, அதுக்குத்தானே இவ்வளவும்?"

அவளுக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் "எனக்கும் இப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிடும்" என்று தைரியம் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் ஆளே மாறிவிட்டாள் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை அம்மா பார்த்திருக்கிறார். பாதம் மரத்திருந்தது. பார்க்கிற பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்பது மறந்துபோனது. சாப்பிடாத பலவீனம் என்று நினைத்துப் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப்போய் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மோசமானது. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போனார்கள்.

தயமின் பற்றாக்குறை. விட்டமின் பி1 என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பி12 பற்றி எல்லோரும் படித்திருப்பார்கள். அதன் கையிருப்பு வருடக்கணக்கில் தாங்கும். அதனால் விட்டமின் குறைவது என்றாலே அது மெதுவாக வருகிற பிரச்சினை என்று மனதில் பதிந்துவிடுகிறது. பி1 அப்படி இல்லை. உடலில் இருக்கும் மொத்தக் கையிருப்பே சுமார் 25 முதல் 30 மில்லிகிராம்தான். வரவு நின்றால் 2, 3 வாரத்தில் காலி. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளைக்குத் தயமின் வேண்டும். அது இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சம் மீதி இருக்கும் தயமினும் அதற்கே செலவாகிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிக்குத் தயமினை முதலில், அல்லது குளுக்கோஸோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்த இந்த நோயை 1881-லேயே கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்துவிட்டார். அவர் எழுதிய மூன்று பேரில் ஒருவர் கந்தக அமிலம் குடித்து, அதன் பிறகு வாந்தி நிற்காமல் போன ஓர் இளம் தையல்காரப் பெண். எடைக் குறைப்பு ஆபரேஷன் என்ற ஒன்று பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே, நிற்காத வாந்தி மூளையைத் தாக்கும் என்று எழுதி வைத்தாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு ஊசி மூலம் தயமின் ஏற்றியதும் கண் சீக்கிரம் சரியானது, குழப்பமும் தெளிந்தது. நடைதான் திரும்பவில்லை. மாதக்கணக்கில் கைத்தடி, பிசியோதெரபி. பாதத்தில் மரப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. எடை என்னவோ நன்றாகத்தான் குறைந்தது.

ஆகவே தயவுசெய்து: திரவம்கூட ஒரு நாள் முழுக்க நிற்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சாப்பிட்டது இரண்டு மூன்று நாளாகத் தொடர்ந்து வெளியே வந்தால் செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். எந்த எமர்ஜென்சிக்குப் போனாலும், உங்களுக்கு என்ன ஆபரேஷன், எத்தனை நாளாக வாந்தி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டிரிப்ஸ் ஏற்ற வந்தால் "தயமின் சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. உங்களுக்குப் பேசத் தெம்பு இல்லாமல் போகலாம். அதனால் வீட்டில் ஒருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொருவர் வந்து "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு டாக்டருக்கு போன் போடுங்கள்.

எல்லா மாத்திரையும் ஒரே வாயில்

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று உறிஞ்ச விடாது. நடுவில் 2 மணி நேரமாவது இருக்கட்டும். கால்சியத்தை ஒரு நேரத்துக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டுப் பயனில்லை, பிரித்துப் போடுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்துவிட்டதால் கால்சியம் கார்பனேட்டைவிட கால்சியம் சிட்ரேட் நன்றாகச் சேரும்.

அப்புறம், "ரத்தம் நார்மல், அதனால் நிறுத்திவிட்டேன்" என்று வராதீர்கள். மாத்திரை போட்டதால் நார்மல். பி12 உடலில் சேரத் தேவையான பொருளே இரைப்பைச் சுவரிலிருந்துதான் வருகிறது. அந்த இரைப்பையில் பெரும்பகுதியை ஸ்லீவில் வெட்டி எடுத்தாயிற்று, பைபாஸில் ஓரம் கட்டியாயிற்று. இந்த மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

முடி கொட்டும். கொட்டட்டும்.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் கொத்துக் கொத்தாக வரும். உடல் வாங்கிய அதிர்ச்சியின் பின்விளைவு அது. புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம், இரும்பு, துத்தநாகம் சரியாக இருந்தால் திரும்ப வளரும். முடிக்கென்று பயோட்டின் விட்டமினை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவுகளையே அது தவறாகக் காட்ட வைக்கும்.

இறங்குவதைத் தேடிப் போவது

இறைச்சி அடைக்கிறது, முட்டை அடைக்கிறது. ஆனால் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. "என் வயிற்றுக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது" என்று அங்கேயே தங்கிவிடுகிறார்கள். வயிறு நிறைந்த உணர்வும் வராது, கலோரி மட்டும் சேரும். பைபாஸ் என்றால் இனிப்பு சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் (சாப்பிட்டது வேகமாகக் குடலில் போய்க் கொட்டுவது) பாடம் நடத்தும். ஸ்லீவ்காரர்களில் பலருக்கு அந்தக் காவலும் இல்லை.

முதல் மாதங்களில் பசி தெரியாது. ஸ்லீவில் வெட்டி எடுத்த பகுதிதான் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரந்துகொண்டிருந்தது. ஆனால் பசி பிறகு ஓரளவு திரும்பி வருகிறது. மென்மையாகச் சமைத்த புரதத்தைத் தட்டில் முதலில் சாப்பிடப் பழக இந்தப் பசியற்ற மாதங்களைவிட வசதியான காலம் கிடைக்காது.

பழைய சுகர், பிரஷர் மாத்திரைகள்

எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். டிஸ்சார்ஜில் குறைத்துக் கொடுத்த டோஸும் அடுத்த மாதம் அதிகமாகிவிடலாம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, கை நடுங்கி வியர்க்கிறதா? அளந்து பாருங்கள், எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழையபடியே தொடரவும் வேண்டாம்.

வலி மாத்திரை

பைபாஸ் செய்தவர்களுக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். தையல் இடத்தில் புண் வரும். சிகரெட்டுக்கும் இதே பதில். முதல் வாரங்களில் காய்ச்சல், இடது தோளில் வலி, சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-க்கு மேல் என்றால் எந்த மாத்திரையும் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். தையலில் கசிவு இருக்கலாம். கிளம்புங்கள்.

"எனக்கெல்லாம் கர்ப்பம் தரிக்காது"

வருடக்கணக்கில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தவர்கள் இதை நம்பிக்கொண்டு அலட்சியமாக இருக்கிறார்கள். எடை குறையக் குறையக் கருமுட்டை வெளியாவது சீராகும், பல பேருக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸில் கருத்தடை மாத்திரை முழுதாக உறிஞ்சப்படாமல் போகலாம். வாந்தி இருந்தால் சொல்லவே வேண்டாம். மாத்திரை அல்லாத வழி என்ன என்பதை ஆபரேஷனுக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.