கங்கில் பிரட் சுடலாம், ஏற்காட்டுக்கு ஒரு இரும்புச் சட்டியோடு வாங்க

பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, மூடி மேல் கங்கை அள்ளிப் போட்டு வைப்பார்களே, அதே முறையில்தான் வெட்டவெளியில் பிரட் சுடப்போகிறோம். மூடியோடு கனமான இரும்புச் சட்டி ஒன்று இருந்தால் போதும். அலுமினியம் மட்டும் வேண்டாம், நல்ல கங்கின் சூட்டில் அது நெளிந்துவிடும், உருகவும் செய்யலாம்.

மைதா அரை கிலோ, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், உப்பு 10 கிராம், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் 300 மில்லி. எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். புரோட்டா மாவு மாதிரி இழுத்தால் கிழியாமல் நீண்டு வர வேண்டும்.

சேலத்தில் வீட்டிலேயே பிசைந்து எடுத்துக்கொண்டு போவதுதான் சுலபம். டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், கீழே இருக்கும் சூட்டில் மாவு பொங்கி, இருபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மேலே போனால் கதையே வேறு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் மாவு தூங்கிவிடும். அப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் நிற்கிற காருக்குள் டப்பாவை வையுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், மாவு இரண்டு மடங்கு ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து நெருப்பு. காட்டுக்குள் மூட்டவே கூடாது, தங்கும் இடத்தின் முற்றத்திலோ எஸ்டேட்டிலோ உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு மூட்டுங்கள். ஓடைக் கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள், ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும். பற்றவைக்கச் சுள்ளி போதும், ஆனால் கங்குக்குக் கெட்டி விறகு வேண்டும், பிடுங்கிப் போட்ட பழைய காப்பிக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

முதல்முறை நான் எரிகிற தீயிலேயே சட்டியை வைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அடி கரிந்துபோனது, நடுவில் மாவு பச்சையாகவே கிடந்தது. தீ முழுக்க அடங்கி, கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருங்கள், இதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த நேரத்தில் மாவை அமுக்கிக் காற்றை எடுத்து, உருண்டையாக்கி, வாழையிலை விரித்த சட்டிக்குள் வைத்து, நெருப்பிலிருந்து நாலடி தள்ளி அரை மணி நேரம் மறுபடி உப்ப விடுங்கள். மேலே கத்தியால் ஒரு கீறல் போடுங்கள்.

இப்போது கங்கைப் பிரிக்க வேண்டும். மூன்று பங்கில் ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு மூடி மேல். கீழே போடுவதையும் சட்டிக்கு நேர் அடியில் குவிக்காமல் விளிம்பைச் சுற்றி வளையமாகப் போட்டு, மூன்று கல்லின் மேல் சட்டியைத் தூக்கி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள், காற்று அடிக்கிற பக்கம் கங்கு கனன்று அந்தப் பக்கம் மட்டும் கருகும். மேல் கங்கு சாம்பலாகிவிட்டால் புதிதாகப் போடுங்கள்.

இருபது நிமிடம்வரை மூடியைத் திறக்கவே வேண்டாம். வாசனை வர ஆரம்பித்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும், பொறுங்கள். முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் இடுக்கியால் மூடியைச் சாய்க்காமல் தூக்குங்கள், சாய்த்தால் சாம்பலெல்லாம் பிரட் மேல் கொட்டும். மேல்புறம் வெல்ல நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். துணியால் பிடித்துக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டிப் பாருங்கள், காலிக் குடத்தைத் தட்டின மாதிரி சத்தம் வந்தால் வெந்துவிட்டது. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

உடனே வெட்டாதீர்கள், உள்ளே ஆவி அடங்காமல் பிசுபிசுவென்று இருக்கும். இருபது நிமிடம் ஆறட்டும். அதற்குள் மிச்சக் கங்கில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே புறங்கையைக் காட்டிச் சூடு துளியும் இல்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம் வெண்ணெய் டப்பாவைத் திறங்கள்.