இறுதி வருட நிதி ஆய்வுக்குப் பரந்தனிலிருந்து ஒரு யோசனை

நிதியியல் ஆய்வென்றதும் எல்லாரும் கொழும்புப் பங்குச்சந்தைக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைத்தான் தேடுவார்கள். தரவு சும்மா கிடைக்கும், சரிதான். ஆனால் வன்னியில், பரந்தனில் இருந்துகொண்டு நுண்கடனை, அதாவது குடும்பங்களுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் கடனை, விடுவானேன்?

'வன்னியில் நுண்கடன்' என்று தலைப்பை அகலமாக்காதீர்கள். ஒரு கிராம அலுவலர் பிரிவு போதும். 2016 ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டத்தை முதலில் வாசியுங்கள்.

வினாக்கொத்தில் "வட்டி எத்தனை வீதம்?" என்று கேட்காதீர்கள்; பலருக்குத் தெரியாது. கையில் கிடைத்தது எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறார்கள், எத்தனை கிழமை என்று கேட்டு, வீதத்தை எக்செல்லில் நீங்களே எடுங்கள். ஆவணச்செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்திருக்கலாம். அதனால் தவணைகளைக் குறித்துவைக்கும் கடன் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒன்று சாமித்தட்டில், படத்துக்குப் பின்னால் இருந்தது.

பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதவே வேண்டாம். கடன் கொடுத்த கம்பனி அனுப்பிய ஆளென்று நினைத்துவிடுவார்கள். அப்புறம், காலபோக நெல் அறுவடை நேரம் போனால் வீட்டில் ஆளிருக்காது.