கிரைண்டர், சிம்னி, வால்வு, கெமிக்கல்: நாலு தினுசு சரக்கை ஒரே ஆளிடம் ஒப்படைப்பது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓட்டல் கிச்சன் சாமான் செய்கிற சின்னப் பட்டறையில் டிஸ்பாட்ச் என் பொறுப்பு. எங்களிடமிருந்து போகும் சரக்கில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. 120 கிலோ வெட் கிரைண்டர் ஒரு பக்கம். ரெண்டு பேர் அலட்டாமல் தூக்கிவிடலாம், ஆனால் பாதி அறையை அடைக்கும் சிம்னி ஹூட் இன்னொரு பக்கம். உள்ளங்கையில் அடங்கும் கேஸ் வால்வு, அடுப்புப் பிசுக்கு எடுக்கும் கெமிக்கல் கேன் வேறு. முன்பு கிரைண்டருக்கு மண்ணடி லாரி ஆபீஸ், வால்வுக்குக் கூரியர், சிம்னிக்கு யாரோ ஒரு குட்டியானைக்காரர் என்று நாள் முழுக்க போனில் கத்திக்கொண்டிருப்பேன். இப்போது ஒரு 3பிஎல் கம்பெனி மூலம் போகிறது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

3பிஎல் என்றால் மூன்றாம் தரப்பு லாஜிஸ்டிக்ஸ். சரக்கு உங்களுடையது, வண்டி லாரிக்காரருடையது, இடையில் நின்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்பவர் மூன்றாமவர். பிக்கப், குடோன், எந்தச் சரக்குக்கு எந்த வண்டி, பேப்பர், டெலிவரி, கடைசியில் ஒரே பில். சிலரிடம் சொந்த லாரி இருக்கும், பலரிடம் ஒன்றுகூட இருக்காது. அது குறையில்லை, அவர்கள் விற்பது ஏற்பாட்டைத்தான். ஆனால் ஏற்பாடு சரியாக அமைய, சரக்கு என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

1. முதலில் டேப்பை எடுங்கள்

ரேட் கேட்டுப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பேக்கிங் முடிந்த பிறகு நீளம், அகலம், உயரம், எடை. வெறும் பொருளின் அளவு இங்கே செல்லாது. மரச்சட்டம் அடித்தால் பக்கத்துக்கு ரெண்டு மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: மேலே வேறு பெட்டி வைக்கலாமா, படுக்கப் போடலாமா, ஃபோர்க்லிஃப்ட் வேண்டுமா, நனைந்தால் என்ன ஆகும்.

கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. அதிலிருந்து அட்டைப்பெட்டி எதுவும் எங்களிடம் தரையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குடோன் எடுப்பவர்கள் தரை ரோட்டை விட உயரமா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

2. சரக்கைப் பிரியுங்கள்

வால்வு மாதிரிச் சின்னது கூரியரில் போகட்டும். ஒரு வண்டியை நிரப்பாத கிரைண்டரும் சிம்னியும் பார்ட் லோடு: பல பேர் சரக்கோடு சேர்ந்து ஹப்புக்குப் போய், அங்கே ஊர்வாரியாகப் பிரித்து மறுபடி ஏற்றப்படும். ஏற்றி இறக்கும் தடவை கூடுவதால் அடிபடும் வாய்ப்பும் கூடும். ஒரு முழு ஓட்டல் ஆர்டர் என்றால் ஃபுல் லோடு கேளுங்கள். வண்டி உங்கள் வாசலில் ஏற்றி அவர்கள் வாசலில் இறக்கும்.

கெமிக்கல் கேனைச் சாதாரணப் பெட்டி என்று சொல்லி நுழைக்க வேண்டாம். எம்.எஸ்.டி.எஸ். தாளை (கெமிக்கலில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தாள்) கையில் கொடுத்து, என்ன திரவம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விமானத்தில் அனுப்பப் பார்த்தால் மீனம்பாக்கம் கார்கோவிலேயே நின்றுவிடும், கூட இருக்கிற நல்ல சரக்கும் சேர்ந்து நிற்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களுக்கு வேறு முறை இருக்கிறது, மில்க் ரன் என்பார்கள். ஒரே வண்டி நாலைந்து பட்டறையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு குறித்த நேரத்தில் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். நம்மைப் போன்றவர்களுக்கு அது வேண்டியதில்லை.

3. ரேட் பேசுவது

“கிலோவுக்கு எவ்வளவு?” என்று கேட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். கேட்க வேண்டியது, “எந்தக் கிலோ?” பெட்டி அடைக்கும் இடத்தையும் கிலோவாக்கிப் பார்த்து, அது தராசு எடையை விடக் கூடுதல் என்றால் அதற்குத்தான் பில் போடுவார்கள்.

எங்கள் சிம்னி பெட்டி 150 × 90 × 60 செ.மீ. தராசில் 38 கிலோ. பெருக்கினால் 8,10,000 கன சென்டிமீட்டர். கூரியர் என்றால் வழக்கமாக 5,000-ஆல் வகுப்பார்கள்: 162 கிலோ. தரைவழியில் பலரும் 27,000-ஆல் வகுத்து கன அடியாக்குவார்கள்: 30. அதை ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று பெருக்குவார்கள், இந்தப் பெருக்கும் எண்ணைத்தான் பேச்சில் சி.எஃப்.டி. என்பார்கள். சி.எஃப்.டி. 6 என்றால் 180 கிலோ, 10 என்றால் 300. அதாவது கிலோ 9 ரூபாய், சி.எஃப்.டி. 10 என்பவரிடம் இந்தப் பெட்டிக்கு 2,700 ரூபாய். கிலோ 12 ரூபாய், சி.எஃப்.டி. 6 என்பவரிடம் 2,160. விலை குறைவு என்று நான் முதலில் பிடித்தது அந்த 9 ரூபாய்க்காரரைத்தான்.

கப்பலில் வேறு கணக்கு. கன்டெய்னரில் பங்கு போட்டு அனுப்பும் எல்.சி.எல். சரக்குக்கு 1 கன மீட்டர் அல்லது 1 டன், எது கூடுதலோ அது. எங்கள் சிம்னி 0.81 கன மீட்டர்தான், ஆனாலும் குறைந்தபட்சம் 1 என்று பில் வரும்.

இதோடு டோர் டெலிவரியா குடோன் டெலிவரியா, ஏற்றுகூலி இறக்குகூலி யார் தலையில், மாடிக்கு ஏற்ற எவ்வளவு, வண்டி காத்திருந்தால் ஹால்ட்டிங் எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்றால் பில்லில் பார்த்துக்கொள்வார்கள் என்று அர்த்தம்.

4. பேப்பர்

இன்வாய்ஸ், இ-வே பில் (சரக்கு வண்டியில் போக ஜி.எஸ்.டி. விதிப்படி ஆன்லைனில் எடுக்கும் சீட்டு), எல்.ஆர். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு லாரிக்காரர் தரும் ரசீது). இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் 1 லட்சத்துக்கு மேல். நீங்கள் இ-வே பில்லில் சரக்கு விவரம் கேட்கும் பார்ட்-ஏ-யை நிரப்பி 3பிஎல் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட்டர் ஐ.டி.யைப் போட்டுவிட்டால், வண்டி நம்பரை அவர்களே பார்ட்-பி-யில் ஏற்றுவார்கள். ஹப்பில் வண்டி மாறினால் நம்பரும் மாற வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

இ-வே பில் செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். கோயம்புத்தூர் சுமார் 500, ஆக மூன்று நாள். ஹப்பில் சரக்கு கிடந்து நாள் தாண்டப் போகிறது என்றால், முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். அந்தப் பொறுப்பு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

5. உடைந்தால் யார் காசு?

2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குச் சட்டத்தையும் அதன் விதிகளையும் பார்த்தால், நீங்கள் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட ஒப்புக்கொள்ளாதவரை லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கோடு நின்றுவிடுகிறது. 65,000 ரூபாய் கிரைண்டருக்கு 1,800 ரூபாய் வாடகை என்றால், முழுசாகத் தொலைந்தாலும் 18,000. மீதிக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வழக்குப் போகும் யோசனை இருந்தால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

6. பிக்கப் நாள்

பெரிய லாரிகளுக்குச் சென்னைக்குள் பகலில் கட்டுப்பாடு உண்டு. அதனால் சின்ன வண்டி வந்து எடுத்து, மாதவரம் அல்லது செங்குன்றம் பக்கம் உள்ள ஹப்பில் சேர்க்கும். பெரிய வண்டி ராத்திரி அங்கிருந்து கிளம்பும். மத்தியானத்துக்குள் பெட்டி தயாராக இல்லையென்றால் ஒரு நாள் போச்சு. ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஒன்றிலாவது டேப் வைத்து அளவு தெரிய வேண்டும்.

7. கையெழுத்தும் பில்லும்

ரெண்டு வருஷம் முன்னால் மதுரை மெஸ் ஒன்றுக்கு சிம்னி அனுப்பினோம். மறுநாள் முதலாளி போன்: “தம்பி, நீங்க அனுப்புனது சிம்னியா, அப்பளமா?” ஹப்பில் எங்கள் கிரைண்டரையே எங்கள் சிம்னி மேல் ஏற்றியிருக்கிறார்கள். மேலே எதுவும் வைக்கக் கூடாது என்று பெட்டியில் நாங்களும் எழுதவில்லை. அதைவிடக் கொடுமை, மெஸ் பையன் பெட்டியைப் பிரிக்காமலே பி.ஓ.டி.யில் (சரக்கு கைக்கு வந்ததற்கான டெலிவரி சீட்டு) எந்தக் குறிப்பும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக ஆகிவிட்டது, ஒரு ரூபாய் தேறவில்லை. இப்போது சரக்கு கிளம்பியதும் வாங்குபவருக்கு வாட்ஸ்ஆப் போட்டுவிடுவேன்: “பெட்டி நசுங்கியிருந்தா, கையெழுத்துக்குப் பக்கத்துலயே அதை எழுதிட்டு அப்புறம் வாங்குங்கண்ணே.”

முதல் மாதம் ஒரு ஊருக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். வால்வைக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். கிரைண்டரும் சிம்னியும் சேர்ந்த ஆர்டரைக் கொடுங்கள்.

மாதக் கடைசியில் பில் வந்ததும் ஒவ்வொரு எல்.ஆர்.-க்கும் பில் போட்ட எடையை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். போன மாதம் எங்கள் 150 செ.மீ. பெட்டியை ஹப்பில் 165 என்று அளந்திருந்தார்கள். 18 கிலோ கூடுதல். டேப் தெரிகிற போட்டோவை அனுப்பினேன். அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள்.