மேசைக் கணினியில் தொடுதிரை: எங்கே தவறு செய்கிறோம்?

கைபேசியில் எல்லாவற்றையும் விரலாலேயே செய்து பழகியவர்களுக்கு மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்ததும் ஒரு கேள்வி வரும். இதையும் தொட்டே இயக்கினால் என்ன? இயக்கலாம். 1983-லேயே அது நடந்துவிட்டது. ஹெச்பி நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட ஹெச்பி-150 கணினியில் 9 அங்குலத் திரைக்கு முன்னால் அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. விரல் எந்தக் கதிர்களை மறிக்கிறதோ அதை வைத்துத் தொட்ட இடத்தைக் கணினி கண்டுபிடித்தது. நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் பெரும்பாலான மேசைகளில் மவுஸ்தான் இருக்கிறது. தொழில்நுட்பம் வளராததால் அல்ல. நம் தோளும் கையும் அமைந்திருக்கும் விதத்தால்.

இதை மறப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஒருவருடைய ஒரு கையின் எடை, உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. நிமிர்ந்து நிற்கும் மானிட்டரைத் தொட அந்த 3 கிலோவைத் தோள் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் நீட்டிய நிலையில். ஒரு முறை தொடுவதில் சிரமமே இல்லை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை என்றால் தோள் கடுக்கும், முன்கை கனக்கும், விரல் குறி தவறும். இந்தச் சோர்வுக்குக் ‘கொரில்லா கை’ என்று 1980-களிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். கைபேசியில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அதை மடக்கிய முழங்கையோடு உடலுக்கு அருகில் வைத்துக்கொள்கிறோம். மவுஸிலும் வராது. முன்கை மேசையில் சாய்ந்திருக்க, மணிக்கட்டுப் பக்கம் சில சென்டிமீட்டர் அசைந்தாலே திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம்.

தொடுதிரை மானிட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். இப்போது இருக்கும் சாதாரண மானிட்டரிலேயே சோதித்துப் பாருங்கள். பத்து நிமிடம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் கையை நீட்டி, திரையில் அந்த இடத்தை ஒரு முறை தொட்டுவிட்டு மவுஸுக்குத் திரும்புங்கள். எத்தனையாவது நிமிடத்தில் தோள் ஓய்வு கேட்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

அதற்காகத் தொடுதிரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நின்றுகொண்டு சில நொடிகள் பயன்படுத்தும் இடங்களில் அதற்கு ஈடு இல்லை. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு, நீண்ட பக்கத்தை ஒரு தள்ளு தள்ளுவதற்கு, திடீரென்று முளைக்கும் பெட்டியில் ‘சரி’ என்பதை அழுத்துவதற்கு விரல்தான் வேகமானது. மவுஸுக்குத் துணையாக வாங்கினால் திருப்தி இருக்கும். மவுஸுக்கு மாற்றாக வாங்கினால் சில வாரங்களில் அது சாதாரண மானிட்டராகிவிடும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் திரையின் அளவையும் தெளிவையும் பார்க்கிறார்கள், அடித்தாங்கியைப் பார்ப்பதில்லை. தொடும்போதெல்லாம் திரை ஆடினால் எழுத்தும் ஆடும், கண் வலிக்கும். தாழ்வாக இறக்கிப் பின்பக்கம் நன்றாகச் சாய்க்க முடிகிற தாங்கி வேண்டும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ இதைச் சரியாகப் புரிந்துகொண்ட கருவி என்பது என் கருத்து. அதன் 28 அங்குலத் திரையை மேசையோடு 20 டிகிரி கோணம் வரை படுக்க வைக்கலாம். அப்போது அது வரைபலகை ஆகிவிடுகிறது, கையின் பாரத்தைக் கண்ணாடியே தாங்குகிறது. ஆனால் வரைகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர் அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் தோளில் தவிர்த்த வலி கழுத்துக்கு வந்து சேரும்.

இணைப்பில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் ஆளைக் குழப்பிவிடும். ஹெச்டிஎம்ஐ கேபிளை மட்டும் செருகிவிட்டு, ‘படம் வருகிறது, தொட்டால் அசையவில்லை, மானிட்டர் பழுது’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கேபிள் படத்தைக் கணினியிலிருந்து திரைக்குக் கொண்டுபோகிறது. விரல் எங்கே பட்டது என்ற செய்தி திரையிலிருந்து கணினிக்குத் திரும்பி வர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு யுஎஸ்பி கேபிள் தேவை. யுஎஸ்பி-சி என்றால் ஒரே கேபிளில் இரண்டும் நடக்கும். கணினியின் அந்தத் துளை படத்தையும் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும், எல்லாத் துளைகளும் அப்படி இல்லை. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு திகைப்பு காத்திருக்கிறது: இந்தத் திரையைத் தொட்டால் அந்தத் திரையில் கிளிக் விழும். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் என்ற பகுதிக்குப் போய், எது தொடுதிரை என்று ஒரு முறை காட்டிக்கொடுத்தால் தீர்ந்தது. மேக் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். வெளியிலிருந்து இணைக்கும் தொடுதிரைகளுக்கு மேக் இயங்குதளம் தானாக ஆதரவு தருவதில்லை, மானிட்டர் தயாரித்தவர் அதற்கான டிரைவர் என்ற துணை மென்பொருளைத் தர வேண்டும்.

பேனாவும் அப்படித்தான். ரப்பர் முனை கொண்ட சாதாரணப் பேனா, விரலை உணரும் எந்தக் கண்ணாடியிலும் வேலை செய்யும், ஆனால் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் தெரியாது. அழுத்தம் உணரும் பேனாக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசுகின்றன. வரைபலகைகள் தயாரிக்கும் வேகாம் நிறுவனத்தின் பெரும்பாலான பேனாக்களின் மொழி மைக்ரோசாஃப்ட் திரைக்குப் புரியாது. பேனாவைத் தனியாக வாங்குவதானால், திரை எந்த முறையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

பயன்படுத்துகிறவர்களை விட மென்பொருள் வடிவமைப்பவர்கள் செய்த தவறுகள்தான் பெரியவை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். திரை முழுக்க விரலுக்கு ஏற்ற பெரிய ஓடுகள். மவுஸ் வைத்திருந்தவர்கள் திரையின் மூலைகளில் மறைந்திருக்கும் பட்டியல்களைத் தேடி அலைந்தார்கள். மறு ஆண்டே 8.1-இல் பட்டன் திரும்பியது, 2015-இல் விண்டோஸ் 10-உடன் ஸ்டார்ட் மெனுவும் திரும்பியது. விரலுக்கும் மவுஸுக்கும் ஒரே முகப்பு போதும் என்று நினைத்ததுதான் பிழை. மவுஸின் முனை ஒரே புள்ளி. விரல் தவறாமல் தொட ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இடம் வேண்டும். எக்செல் போன்ற கணக்குத் தாளில் அத்தனை கட்டங்களையும் அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் பெரிய மானிட்டர் வாங்கியதற்குப் பலனே இல்லை. மேலும் மவுஸ் முனையை ஒரு பட்டன் மேல் சும்மா நிறுத்தினால் விளக்கம் காட்டும், விரலால் அப்படி நிறுத்த முடியாது. விரல் தான் தொடுவதையே மறைக்கவும் செய்கிறது.

ஆப்பிள் செய்த தவறு வேறு மாதிரி. 2016-இல் மேக்புக் ப்ரோவின் மேல்வரிசைக் கீகளை எடுத்துவிட்டு டச் பார் என்ற கண்ணாடிப் பட்டையை வைத்தார்கள். கீபோர்டைப் பார்க்காமலே தட்டச்சு செய்யப் பழகியவர்களுக்கு விரல்நுனிதான் கண். கண்ணாடியில் விளிம்பு கிடையாது, பள்ளம் கிடையாது. எங்கே இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரியவில்லை. 2019-இல் எஸ்கேப் கீ திரும்பி வந்தது, 2021-இல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் பட்டையே இல்லை. விரல் தொடுவது மட்டும் போதாது, தொட்டது விரலுக்குத் திரும்பத் தெரியவும் வேண்டும்.

இனி வரப்போவதைப் பற்றிப் பேசும்போதும் பலர் திரையையே பார்க்கிறார்கள். நான் மேசையைப் பார்க்கச் சொல்வேன். பல விரல் சைகைகளைப் படுக்கைவாட்டுப் பலகையில் கொண்டுவந்த ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை ஆப்பிள் 2005-இல் வாங்கியது. 2010-இல் மேசைக் கணினிக்கென்றே மேஜிக் டிராக்பேட் வந்தது. 2015-இல் வந்த இரண்டாவது மாடல் உண்மையில் கீழே அமுங்குவதே இல்லை. அழுத்தத்தை உணரிகள் அளக்கின்றன, ஒரு மின்காந்தம் பலகையை நுண்ணியதாக உதறுகிறது, விரல் அதைக் ‘கிளிக்’ என்று நம்பிவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அது வெறும் கண்ணாடித் தட்டு. இந்த நுட்பம் விண்டோஸ் மடிக்கணினிகளுக்கும் வந்துவிட்டது. டச் பாரில் இல்லாமல் போனது எதுவோ அதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காற்றில் கையசைத்துக் கணினியை இயக்கும் யோசனை அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. 2013-இல் லீப் மோஷன் அப்படித்தான் வந்தது. அதில் கொரில்லா கை இன்னும் மோசமாகும், சாய்ந்துகொள்ளக் கண்ணாடிகூடக் கிடையாது. 2024-இல் வந்த, கண்ணாடி போலத் தலையில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் ப்ரோ இந்தச் சிக்கலை நன்றாக யோசித்திருக்கிறது. கண் எதைப் பார்க்கிறதோ அதுவே குறி, மடியில் கிடக்கும் கையில் இரு விரலைச் சேர்த்தால் அதுவே கிளிக். தோளுக்கு வேலையே இல்லை. மேசைக் கணினியும் இந்தத் திசையில், கண் காட்ட விரல் முடிவு செய்யும் திசையில் போகும் என்பது என் எதிர்பார்ப்பு.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மவுஸை வலது பக்கமே விட்டுவிட்டு, ஒரு டச்பேடைக் கீபோர்டின் இடது பக்கம் ஒட்டி வையுங்கள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைத்தால் பயன் இல்லை. விண்டோஸ் என்றால் பிரிசிஷன் டச்பேட் வகையா என்று பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் மூன்று விரல், நான்கு விரல் சைகைகள் விண்டோஸ் செட்டிங்ஸிலேயே ஒழுங்காகக் கிடைக்கும். முதல் வாரம் இடது கை தடுமாறும். பக்கத்தை நகர்த்துவதையும் பெரிதாக்குவதையும் மட்டும் அதனிடம் கொடுத்துவிட்டு, குறிபார்க்கும் வேலையை மவுஸிடமே விட்டுவையுங்கள்.